ஒன்பது பத்துக்குப் பிறந்த குழந்தை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு டீச்சருக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை மூன்று கிலோ இருநூறு கிராம். தாயும் சேயும் நலம். உறவு வட்டத்தில் இந்தச் செய்தி தெரியாத ஒரே ஆள் டீச்சர்தான். அந்நேரம் அவள் தன் வீட்டுச் சமையலறையில், வயிறு இடித்ததால் அடுப்பு மேடைக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, தனக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் கூத்துக்குக் காரணம் அவளுடைய நாத்தனார். பேருந்து டிப்போவில் கால அட்டவணை போடுகிறவள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எப்போது சாப்பிடப் போக வேண்டும் என்பதெல்லாம் அவள் பேனா முனையில் இருந்தது. டிப்போவில் அவளை டைம்டேபிள் அக்கா என்பார்கள். நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் கூட அவள் தாமதமாக வேலைக்கு வந்ததில்லை. கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் பந்தல்காரர்களோடு நாற்காலி போடுகிற ஜாதி. அப்படிப்பட்டவளுக்குத் தம்பி குழந்தையின் வரவு மட்டும் கணக்குக்குள் அடங்காமல் இருந்தால் கை சும்மா இருக்குமா?

இப்போதெல்லாம் குழந்தை பிறப்பதற்கு ஒன்பது மாதம் போதுவதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு படம், புருஷன் அந்த வயிற்றில் காது வைத்துக் கேட்கிற மாதிரி ஒரு படம், வளைகாப்பன்று கலர் புகை விட்டு ஒரு வீடியோ. பிறந்த பிறகு கேட்கவே வேண்டாம். கூடையில் கத்தரிக்காய் அடுக்குகிற மாதிரி குழந்தையைப் படுக்க வைத்து, தலையில் பூ மாட்டி, பக்கத்தில் எடை, உயரம், நேரம் எல்லாம் எழுதிய பலகை வைத்து ஒரு படம். அதை உலகம் பார்த்த பிறகுதான் பெற்றவளுக்கே பிள்ளை பெற்ற நம்பிக்கை வருகிறது. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. சந்தோஷம் வந்தால் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் தெருக்கோடி வரை ஓடிப்போய்ச் சொன்னார்கள், இன்று கட்டைவிரலால் சொல்கிறார்கள். ஓடினால் மூச்சாவது வாங்கும், யோசிக்க நேரம் கிடைக்கும். கட்டைவிரலுக்கு மூச்சு வாங்குவதில்லை, அதுதான் வம்பு.

டீச்சர் இந்த விஷயத்தில் கறாராக இருந்தாள். இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுக்கிறவள். குரலை உயர்த்தாமலேயே நாற்பது பேரை உட்கார வைக்கிறவள். ஐந்தாம் மாதம் அக்காவை உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்.

"அண்ணி, கையில வாங்கினப்புறம்தான் எல்லாம். அதுவரைக்கும் ஒரு படம் வேண்டாம், ஒரு வரி வேண்டாம். நான் சொல்லும்போது சொல்லலாம்."

"உன் இஷ்டம்தாம்மா," என்றாள் அக்கா. மனசாரத்தான் சொன்னாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அக்காவுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், பத்தாவது வாரத்திலேயே டீச்சர் ஒரு படம் போட்டாள். வாசலில் அவள் செருப்பு, புருஷன் செருப்பு, நடுவே விரல் நீளத்துக்கு ஒரு ஜோடி குட்டிச் செருப்பு. நானூறு பேர் வாழ்த்தினார்கள். பதினாலாவது வாரம் ஒரு புதன்கிழமை, எல்லாம் முடிந்துபோனது. அதற்கப்புறம் டீச்சர் அந்தப் படத்தைத் திறந்தும் பார்க்கவில்லை, அழிக்கவும் இல்லை. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. 'என்ன நல்ல மனுஷங்க, தானா புரிஞ்சுக்கிட்டாங்க' என்று அவள் புருஷனிடம் சொன்னதாகத் தம்பி மூலம் அக்காவுக்குத் தகவல். அக்கா அதற்குப் பதில் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

இந்த முறை ஒன்பதாவது மாதம் பிறந்ததும் டீச்சர் செல்போனையே சமையலறை இழுப்பறைக்குள் கரண்டிகளோடு போட்டுவிட்டாள். தினம் பதினொரு மணிக்கு எடுப்பாள், பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருந்தால் சொல்வாள், மறுபடி உள்ளே போட்டுவிடுவாள். தம்பி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் எதிர் வீட்டு நர்ஸ் துணைக்கு இருந்தாள். ஆத்திர அவசரத்துக்கு அந்த நர்ஸின் நம்பர் போதும் என்று ஏற்பாடு.

அக்கா வாக்கு மீறவில்லை. போடக்கூடாது என்றுதானே பேச்சு? தயார் பண்ணி வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! வாழ்த்து அட்டை செய்கிற ஒரு ஆப்பை இறக்கினாள். மாதிரிக்கு ஒரு குழந்தைப் படம் அதிலேயே இருந்தது. மொட்டைத் தலை, மஞ்சள் பூ, கூடைக்குள் தூக்கம். 'எங்கள் வீட்டு இளவரசி வந்துவிட்டாள்' என்ற வரியும் அதோடு வந்ததுதான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாள். எடைக்கு ஒரு உத்தேச எண் போட்டாள். நாள் கேட்டது, டாக்டர் குறித்த தேதியைப் போட்டாள். நேரம் கேட்டது, ஒன்பது பத்து என்று போட்டாள். ஒன்பது பத்து வண்டி மட்டும்தான் டிப்போவில் இதுவரை தாமதமே ஆகாத வண்டி. ராசியான நேரம்.

அங்கேதான் சறுக்கினாள். டிப்போவில் அட்டவணையில் நேரம் எழுதிவிட்டதால் மட்டும் எந்த வண்டியும் கிளம்பிவிடாது. டிரைவர் கையெழுத்துப் போட வேண்டும், ஃபிட்டர் டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும், கேட்டில் இருப்பவர் கேட்டைத் திறக்க வேண்டும். மூன்று பேர் சம்மதித்த பிறகுதான் சக்கரம் உருளும். செல்போனும் அப்படியே, நேரம் வந்ததும் 'அக்கா, அனுப்பட்டுமா?' என்று கேட்கும் என்று நினைத்துவிட்டாள். அது கேட்கவில்லை, குறித்த நேரத்துக்குத் தானாகவே அவள் பக்கத்தில் போஸ்ட் போட்டுவிட்டது. அதற்குக் கேட்டும் கிடையாது, கேட்க நாதியும் கிடையாது.

ஒன்பது இருபதுக்கு ஃபிட்டர் கிரீஸ் கையோடு அவள் மேஜைக்கு ஓடி வந்தார்.

"அக்கா! வாழ்த்துகள்! சொல்லவே இல்லையே!"

"எதைச் சொல்லல?"

அவர் பதில் சொல்வதற்குள் டிப்போ ஒலிபெருக்கி கரகரத்தது. வண்டி நேரம் சொல்கிற அதே குரல், அதே ராகத்தில் அறிவித்தது: "பயணிகளின் கவனத்திற்கு. நம்ம டைம்டேபிள் அக்கா இன்று காலை ஒன்பது பத்துக்கு அத்தை ஆகிவிட்டார். அடுத்து, ஏழாம் நம்பர் வண்டி மூன்றாவது பிளாட்பாரத்தில்..."

பிளாட்பாரத்தில் முன்பின் தெரியாத ஜனங்கள் கை தட்டினார்கள். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. போனைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு லைக். கமெண்டுகளோ ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

'அப்படியே அப்பா மூக்கு!'

'மூக்கு அம்மா வழி. நெத்திதான் அப்பா.'

'காதைப் பாருங்க, எங்க மாமா காது மாதிரியே மடங்கி இருக்கு.'

'முடி கொட்டினது பரம்பரை போல.'

பெற்றோர் யாரென்றே தெரியாத ஒரு மாதிரிப் படத்துக் குழந்தைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து பதினைந்து நிமிஷத்தில் உடம்பு முழுக்கப் பட்டா போட்டுவிட்டன. அக்கா போஸ்ட்டை அழித்தாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். அதற்குள் யார் யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள்.

தம்பியிடமிருந்து போன் வந்தது. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன்.

"அக்கா, எனக்குக் குழந்தை பிறந்திருக்காமே? கடைக்கு வந்தவர் சொல்றாரு. எனக்கே தெரியாம எப்படிக்கா?"

"டேய், சிரிக்காதடா. தப்பு நடந்து போச்சு."

"சிரிக்கலக்கா, பயத்துல குரல் இப்படி வருது. அவ பதினொரு மணிக்குப் போனை எடுப்பா. தெரியும்ல?"

"தெரியும். நீ எதுவும் பேசாத. நான் நேர்ல போய் என் வாயால சொல்லிடறேன். மத்தவங்க சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது."

மணி ஒன்பது நாற்பது. திட்டு வாங்குவதற்கு அக்கா பயப்படவில்லை. மூன்று வருஷமாக வாய் திறந்து ஆசைப்படக்கூடப் பயந்துகொண்டிருக்கிற பெண், இத்தனை வாழ்த்தையும் ஒரே சமயத்தில் பார்த்தால் என்ன ஆவாள்? அந்தக் குட்டிச் செருப்புப் படத்துக்கு வந்த வாழ்த்துகள் ஞாபகம் வராதா? இனி இந்த அண்ணியை அவள் வாசற்படி மிதிக்க விடுவாளா? குழந்தையைத்தான் தொட விடுவாளா? இதுதான் கவலை.

டிப்போ வாசலுக்கு ஓடினாள். டீச்சர் வீட்டுப் பக்கம் போகிற பதினாலாம் நம்பருக்கு ஒன்பது ஐம்பது வண்டி இருக்கிறதே என்று பார்த்தால், இல்லை. போன மாதம்தான், 'அந்நேரத்தில் யார் போகப் போகிறார்கள்' என்று அந்த வண்டியை வெட்டியிருந்தார்கள். வெட்டியது யார்? அட்டவணையின் அடியில் அழகான கையெழுத்து இருந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பது பிளாட்பாரத்தில் முப்பத்தைந்து நிமிஷம் நின்றால் நன்றாகப் புரியும். ஆட்டோவாவது பிடித்திருக்கலாம். அந்தப் பதற்றத்தில் அவளுக்கு உலகத்தில் பேருந்தைத் தவிர வேறு வாகனம் இருப்பதே மறந்துவிட்டது. நின்ற முப்பத்தைந்து நிமிஷத்தில் பதினொரு பேர் வந்து கைகுலுக்கினார்கள். பதினொரு பேரிடமும் "இன்னும் பிறக்கலைங்க" என்றாள். "அக்காவுக்குச் சந்தோஷத்துல என்ன பேசறோம்னே தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பத்து இருபத்தைந்து வண்டியில் ஏறி, பத்து ஐம்பதுக்கு டீச்சர் குடியிருக்கும் அடுக்குமாடி வாசலில் இறங்கினாள். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்று மூச்சு விட்டாள். இரண்டாம் மாடி ஏறிப் பார்த்தால், கதவைச் சுற்றி வானவில் மாதிரி பாதி வளைவுக்குப் பலூன் கட்டியாகிவிட்டது. இளஞ்சிவப்பு, வெள்ளை, தங்கக் கலர். வாயில் நூலோடு பலூன்காரர் ஏணியில் நின்றார். கீழே ஒரு நாற்காலியில், கையில் ஆறிப்போன டீயோடு, டீச்சர் உட்கார்ந்திருந்தாள். அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள், குழந்தை வீட்டுக்கு வரும்போது கட்டச் சொல்லி இவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்களாம். போஸ்ட்டைப் பார்த்ததும் மனிதர் சுறுசுறுப்பாகக் கிளம்பி வந்துவிட்டார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர்கள் வேண்டாத இடத்தில்தான் அதிகம்.

"வாங்க அண்ணி," என்றாள் டீச்சர். குரல் வகுப்பறைக் குரல். "எனக்குக் குழந்தை பிறந்திருக்காம். இவர் பார்க்கணும்னு கேட்டார். உள்ள இருக்கு, இன்னும் வெளிய வரலன்னு சொல்லிட்டேன்."

பலூன்காரர் ஏணியிலிருந்து பரிதாபமாகப் பார்த்தார். "மேடம், நான் அவிழ்த்துடவா?"

"இருங்க. யார் போட்ட படம்னு முதல்ல தெரியட்டும்."

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னாள். ஆப், உத்தேச எடை, ஒன்பது பத்து வண்டி, கேட்டைத் திறக்காமலே கிளம்பிய செல்போன், எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றுக்கும் சாக்குச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது அவள் கண்ணில் நீர் நின்றது.

"நீ வேண்டாம்னு சொன்னே. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்மா. ஆனா ஆசை கேட்கல."

டீச்சர் டீ டம்ளரைத் தரையில் வைத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. "ஆசை உங்களுக்கு மட்டும்தானா அண்ணி? எனக்கு இல்லையா? நான் எப்படி அடக்கி வச்சிருக்கேன்னு தெரியுமா? ஒரு சட்டைகூட வாங்கல. ஒரு பேர்கூட யோசிக்கல. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா..."

பலூன்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அக்காவுக்கு அந்த மாடிப்படியிலேயே கரைந்து போய்விடலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் படியில் தடதடவென்று சத்தம். டீச்சரின் சித்தி. கையில் கேக் டப்பா, முகத்தில் இடி மின்னல். வந்தவள் டீச்சரின் வயிற்றையே பார்க்கவில்லை. நேராக அக்காவிடம் பாய்ந்தாள்.

"ஏம்மா, இது நியாயமா? கெட்ட சேதின்னா மட்டும் போன் போட்டுச் சொல்லுவே. நல்ல சேதிக்குப் படத்தைப் போட்டுட்டுப் போயிடுவியா? நான் என்ன, பத்தோட பதினொண்ணா? பக்கத்து வீட்டுக்காரி காட்டி நான் தெரிஞ்சுக்கணுமா?"

"அத்தை, கொஞ்சம் பேசாம இருங்க," என்று அக்கா சித்தியின் கையைப் பிடித்தாள்.

"ஏன் இருக்கணும்? அன்னைக்கு வியாழக்கிழமை நீதானே போன் பண்ணே? 'இப்படி ஆயிடுச்சுங்க, அவகிட்ட ஒண்ணும் கேட்காதீங்க, போனா வேற ஏதாவது பேசுங்க'ன்னு சொன்னியா இல்லையா? நானும் கேட்டேனா? வாயைக் கட்டிக்கிட்டுத்தானே இருந்தேன்?"

டீச்சர் நிமிர்ந்தாள். "எந்த வியாழக்கிழமை?"

சித்தி அப்போதுதான் திரும்பினாள். வயிற்றைப் பார்த்தாள். கேக் டப்பாவைப் பார்த்தாள். மறுபடி வயிற்றைப் பார்த்தாள். "அடியே, இன்னும் உள்ள இருக்கு!"

"அது அப்புறம் சித்தி. எந்த வியாழக்கிழமை? அண்ணி உங்களுக்குப் போன் பண்ணாங்களா?"

"எனக்கு மட்டுமா? எங்க அண்ணனுக்கு, உன் பெரியம்மா பொண்ணுங்களுக்கு, உன் ஸ்கூலுக்கு, எல்லாருக்கும்தான். நாங்க பேசிக்கிட்டோமே. உனக்குத் தெரியாதா?"

டீச்சர் அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரில் இல்லாத ஒரு கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதனாலதான் அன்னைக்கு வந்து ரெண்டு மணி நேரம் புது ஃப்ரிட்ஜ் பத்தியே பேசினீங்களா சித்தி?"

"வேற என்னத்தடி பேசறது? எனக்குத் தெரிஞ்சது ஃப்ரிட்ஜ்தான்! ஐஸ் கட்டி எப்படி எடுக்கறதுன்னு மட்டும் மூணு தடவை சொன்னேன். வெளிய வந்து படியில உட்கார்ந்து அழுதுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."

ஒரு பலூன் தானாக வெடித்தது.

"எத்தனை பேருக்குப் பண்ணீங்க அண்ணி?"

"அது எதுக்கும்மா இப்போ..."

"எத்தனை பேர்?"

அக்காவிடம் எண் கேட்டால் பொய் வராது. "நூத்தி முப்பத்தெட்டு. நாலு நாள் ஆச்சு. நீ ஒவ்வொருத்தருக்கா உன் வாயால சொல்லணுமேன்னு நினைச்சேன். அது எனக்குத் தாங்கல." பிறகு, சொல்ல வேண்டாம் என்று இத்தனை நாள் அடக்கி வைத்ததும் கூடவே வந்துவிட்டது. "ஒவ்வொரு தடவை போனை வைக்கும்போதும் ஒண்ணுதான் நினைச்சேன். இதே நூத்தி முப்பத்தெட்டு பேருக்கும் ஒரு நாள் நல்ல சேதி சொல்லணும். என் வாய்தான் சொல்லணும். அந்த அவசரம்தான்மா. வேற ஒண்ணும் இல்ல."

டீச்சர் நாற்காலியிலிருந்து எழ முயன்றாள். வயிறு விடவில்லை. சித்தி ஒரு கை, ஏணியிலிருந்து இறங்கி வந்த பலூன்காரர் ஒரு கை கொடுக்க எழுந்தாள். அக்காவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று அக்கா கணக்கு வைக்கவில்லை. அவள் கணக்கு வைக்காத நேரம் அது ஒன்றுதான் இருக்கும்.

பிறகு டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். வகுப்பறைக் குரல் திரும்பி வந்துவிட்டது. "ஆனா தப்பு தப்புதான் அண்ணி. தப்புக் கணக்குப் போட்டா என் வகுப்புல என்ன பண்ணணும் தெரியுமா? அழிச்சிட்டு, முதல்லேர்ந்து போடணும். அந்த லிஸ்ட் இருக்கா?"

இருந்தது. கைப்பைக்குள், நாலாக மடித்து, மடிப்பில் பிய்ந்துபோய். டிப்போவின் பழைய ட்ரிப் ஷீட் ஒன்றின் பின்பக்கம். நூற்று முப்பத்தெட்டு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக்.

"உட்காருங்க. எல்லாருக்கும் போன் பண்ணி, 'இன்னும் பிறக்கல'ன்னு சொல்லுங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்பேன்."

அரை வளைவுப் பலூனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சித்தி கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். வாங்கின கேக், வீணாக்குவானேன்? பலூன்காரருக்கும் ஒரு துண்டு. அவர் போகவே இல்லை. இதைவிட நல்ல வேடிக்கை அவர் தொழிலில் கிடைத்ததில்லை.

"வணக்கம் மாமா, நான்தான். குழந்தை இன்னும் பிறக்கலை மாமா."

"பிறக்கலையா? நான்தான் பார்த்தேனே! எங்க அப்பா மூக்கு!"

"அது வேற குழந்தை மாமா."

"வேற குழந்தைக்கு எங்க அப்பா மூக்கு எப்படி வரும்?"

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த ஆள், போட்ட வாழ்த்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். இன்னொருத்தி, அனுப்பிய தொட்டிலை என்ன செய்வது என்று அழாக்குறையாகக் கேட்டாள். டிப்போவுக்குச் சொன்னதும் ஒலிபெருக்கிக்காரர் கடமை தவறாமல், "அக்கா அத்தை ஆகும் நேரம் மாற்றி அமைக்கப்பட்டுள்ளது. பயணிகள் பொறுத்தருளவும்" என்று அறிவித்ததாகப் பிறகு தெரியவந்தது. இருபதாவது போனில் டீச்சர் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"நான் பேசறேன். பெரியம்மாவா? ஆமா, நான்தான். நல்லா இருக்கேன். இப்பக்கூட உதைக்குது. ரொம்ப வாலு போல இருக்கு."

சொல்லிவிட்டு அவளே ஒரு நொடி நின்றாள். ஒன்பது மாதத்தில் குழந்தையைப் பற்றி ஆசையாக அவள் வாய் திறந்து ஒருத்தரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை. உள்ளே இருந்தது மறுபடி ஒரு உதை விட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாதிப் போனை அவள்தான் பேசினாள். மத்தியானம் தம்பி பயந்து பயந்து வீட்டுக்கு வந்தபோது, கதவில் முழு வளைவுக்கும் பலூன் கட்டியிருந்தது. அவன் பெண்டாட்டி யாரிடமோ, குழந்தைக்கு என்ன சட்டை வாங்கலாம் என்று சத்தமாக யோசனை கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழந்தை வெள்ளிக்கிழமைதான் வந்தது. மத்தியானம் மூன்று நாற்பத்தேழுக்கு. அட்டவணையில் போட்டது ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. இரண்டு கிலோ எண்ணூறு. இளவரசி இல்லை, பையன். மொட்டை இல்லை, சீப்பு வைத்து வார வேண்டிய அளவுக்குத் தலை கொள்ளாத முடி. மூன்று நாள் ஆறரை மணி நேரத் தாமதத்துக்கு டைம்டேபிள் அக்கா சந்தோஷப்பட்டது அவள் சர்வீஸில் அதுவே முதல் முறை.

காலையிலேயே அவள் தன் செல்போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வராண்டாவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் கட்டைவிரல் மேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. வார்டு நர்ஸ் வந்து, "அத்தை யாரு? உங்களைக் கூப்பிடறாங்க" என்றதும் எழுந்து உள்ளே போனாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு குடும்பம் குழந்தையைக் கூடையில் வைத்து, பலகையைச் சரிபார்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு அங்குமிங்கும் திருப்பிப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. நல்ல அழகான கூடைதான்.

டீச்சர் சோர்ந்து போய், முகம் வீங்கி, சிரித்துக்கொண்டு படுத்திருந்தாள். மார்பின் மேல் துணி மூட்டை மாதிரி அவன்.

"கையில வாங்கிட்டேன் அண்ணி," என்றாள். "உங்க தம்பிகிட்ட, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டேன். யாருக்கும் இன்னும் தெரியாது." தலையணைக்கு அடியிலிருந்து தன் செல்போனை எடுத்து நீட்டினாள். "நீங்க சொல்லுங்க. போஸ்ட் வேண்டாம். ஒவ்வொருத்தருக்கா, உங்க வாயால."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ட்ரிப் ஷீட்டைப் பிரித்தாள். அதே தாள், அதே வரிசை. முதல் பெயர் சித்தி. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே எண்ணுக்குப் போன் பண்ணி, குரல் ஒரு இடத்தில்கூட உடையாமல், செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லி முடித்தவள் அக்கா. நூற்று முப்பத்தெட்டு தடவையும் உடையவில்லை.

மணி அடித்தது. சித்தி எடுத்தாள். "சொல்லும்மா."

அக்கா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. "அத்தை" என்றாள், மேலே போக முடியவில்லை. மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த அழுகை முழுவதும், வேறு நேரமே கிடைக்காத மாதிரி, இப்போது வந்து நின்றது.

"என்னம்மா?" சித்தியின் குரல் மாறிவிட்டது. "ஏன் அழறே? என்ன ஆச்சு? ஐயோ, சொல்லும்மா, என்ன ஆச்சு?"

அக்கா தலையை ஆட்டினாள். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? டீச்சர் கையை நீட்டி, போனைப் பிடித்திருந்த அக்காவின் கையையே இழுத்துத் தன் மார்புப் பக்கம் கொண்டுபோனாள். இன்னொரு கையால் பையனின் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினாள்.

அவன் கத்தினான். அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி, முகம் சிவக்க, மூச்சு அடங்காமல் கத்தினான். பக்கத்துக் கட்டில்காரர்கள் படம் எடுப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

போனில் சித்தி, அழுகையும் சிரிப்புமாக, "யாருடா அது? யாருடா அது கத்தறது?" என்று அவனிடமே கேட்டாள். அவன் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் பெயருக்கு எதிரே, பழைய டிக்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டிக் போட்டாள். இன்னும் நூற்று முப்பத்தேழு பேர் இருந்தார்கள். இரண்டாவது எண்ணை அழுத்தினாள்.